ஆந்தை அலறினால் யார் சாவார்?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். இரவு பத்து மணி இருக்கும். காலையில் பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள் உறங்கிவிட்டார்கள். லயத்துக்குப் பின்னால் உள்ள மரத்திலிருந்து ஓர் ஆந்தை அலறுகிறது. உடனே ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது. "யாரைக் கேட்டு அலறுதோ தெரியலையே" என்று ஒரு பாட்டியின் குரல். எந்தெந்த வீட்டில் யார் யார் நோயாகக் கிடக்கிறார்கள் என்று மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. நோயாளியின் காதிலும் அந்த அலறல் விழுகிறது. அவர் மனநிலை அப்போது எப்படி இருந்திருக்கும்? அதை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டு டவுனுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் குடிபோய்விட்டோம். பாத்திரம் பண்டத்தோடு அந்தப் பயத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறோம். ஆகவே, இந்த முறை சாவைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறேன். "நல்ல நாளும் அதுவுமாய் இதென்ன பேச்சு" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அப்படித் திருப்பித் திருப்பித்தான் நாம் பலவற்றை இழந்திருக்கிறோம்.

முதலில் ஆந்தையின் கதையை முடித்துவிடுவோம்.

ஆந்தை தினந்தோறும் அலறுகிறது. நாம் உறங்கிவிடுவதால் கேட்பதில்லை. நோயாளி இருக்கும் வீட்டில்தான் இரவெல்லாம் ஒருவர் விழித்திருக்கிறார். அவர் காதில்தான் விழுகிறது. நோயாளி இறந்துவிட்டால், "அன்றைக்கே ஆந்தை சொல்லிற்று" என்கிறோம். பிழைத்துவிட்டால் அந்த அலறலை மறந்துவிடுகிறோம். பலித்ததை மட்டும் எண்ணிப் பலிக்காததை விட்டுவிட்டால், எந்தப் பறவையும் சோதிடராகிவிடும்!

மலாய்க்காரர்களும் ஆந்தையைப் 'புருங் ஹந்து' என்பார்கள். பேய்ப் பறவை என்று பொருள். ஆனால், இதே நாட்டின் செம்பனைத் தோட்டங்களில் 1980-களிலிருந்து என்ன செய்துவருகிறார்கள் தெரியுமா? கம்பம் நட்டு, அதன் மேல் மரப்பெட்டி வைத்து, கூகை என்னும் வெள்ளை ஆந்தையைக் குடிவைக்கிறார்கள். செம்பனைப் பழத்தைத் தின்று அழிக்கும் எலிகளை அது பிடித்துத் தின்கிறது. குஞ்சு பொரித்த ஒரு சோடி, ஓர் ஆண்டில் நூற்றுக்கணக்கான எலிகளைத் தீர்த்துவிடும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் இருந்துதான் எலிக்காய்ச்சல் வருகிறது. காலில் உள்ள சின்னப் புண் வழியாக உள்ளே போய், கவனிக்காவிட்டால் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுத்து ஆளையே கொல்லக்கூடிய நோய் அது. சாவைக் கூப்பிடுகிறது என்று நாம் கல்லால் அடித்த பறவை, சாவைச் சுமந்து திரியும் எலியைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது!

நம் பயத்தின் கோளாறு இதுதான். சாவுக்குப் பயப்படுவது தவறல்ல. உயிருள்ளவர்கள் எல்லாருக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால், பயம் தவறான இடத்தில் போய் நின்றுகொள்கிறது. ஆந்தையைப் பார்க்கிறோம், எலியை விட்டுவிடுகிறோம்.

நம் முன்னோர் கதையும் இதுவே. ரப்பர் போடுவதற்காகக் காட்டை அழித்த காலத்தில், குன்றுப்புறத் தோட்டங்களில் ஆட்கள் குளிர்க்காய்ச்சலால் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். "காட்டை வெட்டியதால் காட்டுத் தெய்வத்துக்குக் கோபம்", "முனி அடித்துவிட்டது" என்று நம்பிப் பூசை போட்டவர்கள் உண்டு. மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்ட் ரோஸ் என்னும் மருத்துவர் 1897-இல் இந்தியாவின் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1901-இல், கிள்ளானில் அரசாங்க மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடிகால் வெட்டி வெளியேற்றச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் வெகுவாகத் தணிந்தது. குன்றுப்புறத்தில் இருந்ததோ வேறு வகைக் கொசு. வெயில் படும் தெளிந்த ஓடை நீரில்தான் அது முட்டையிடும். நிழலாக இருந்த ஓடைகளின் மேல், காட்டை வெட்டியதும் வெயில் விழுந்தது, கொசு பெருகியது, ஆட்கள் மாண்டார்கள்.

ஆக, "காட்டை வெட்டியதால்தான் சாவு வந்தது" என்று நம் பெரியவர்கள் சொன்னது முழுப் பொய் அல்ல. கண்ணால் கண்டதைச் சரியாகத்தான் சொன்னார்கள். காரணத்தில்தான் தவறினார்கள். ஓடையில் எண்ணெய் தெளித்தும், நிலத்தடியில் குழாய் பதித்தும் தடுத்த பிறகு அந்த 'முனி' போன இடம் தெரியவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018-ஆம் ஆண்டில் மலேசியாவுக்குள் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. குரங்கிடமிருந்து தொற்றும் மலேரியா மட்டும் காட்டோரங்களில் தொடர்ந்தது. அதற்கும் மந்திரத் தாயத்து உதவாது. காட்டுப்பக்கம் போய் வந்தபின் காய்ச்சல் கண்டால் உடனே இரத்தச் சோதனைதான் செய்ய வேண்டும்.

இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியது என்று வெட்கப்படவும் வேண்டாம். சீனர்களுக்கு 'நான்கு' என்ற எண்ணின் ஓசை 'சாவு' என்ற சொல்லின் ஓசையை ஒத்திருப்பதால், பல கட்டடங்களில் நான்காம் மாடிக்கு '3ஏ' என்று பெயர். பிள்ளைப்பேற்றில் இறந்தவள் பொந்தியானாக் என்னும் பேயாக வருவாள் என்பது மலாய்க்காரர்களின் பழைய நம்பிக்கை. நிறைமாதத்தில் மாண்டவளின் பாரம் தீர வேண்டும் என்று, தமிழ்நாட்டில் வழியோரம் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். தாயும் பிள்ளையும் ஒன்றாய்ப் போன சாவுகள் அந்நாளில் எத்தனை நடந்திருந்தால், இரண்டு இனத்தாரின் மனத்திலும் இப்படி ஒரு வடு விழுந்திருக்கும்!

சரி, நம் சடங்குகள் எல்லாமே மூடத்தனமா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை.

சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகுகிறோம். அம்மையும் பேதியும் பரவிய காலத்தில் உயிரைக் காத்த பழக்கம் அது. இறந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டார் சோறும் குழம்பும் கொண்டுவருகிறார்கள். அழுது ஓய்ந்தவளை அடுப்படிக்கு அனுப்பாமல் உட்கார வைத்து ஊட்டும் வழக்கத்தை யார் குறை சொல்வது? எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று உறவினர்கள் வந்துகொண்டே இருப்பதும் துக்கப்பட்டவரைத் தனியே விடாதிருக்கத்தான். தோட்டத்துக்குத் தோட்டம் மரண சகாய நிதி வைத்து, ஆளுக்கு இரண்டு வெள்ளி போட்டு, இறந்தவரைக் கௌரவமாக அனுப்பிவைத்தார்களே நம் தொழிலாளர்கள்! சாவை எதிர்கொள்ள அதைவிட நல்ல சடங்கு எனக்குத் தெரியாது.

2020, 2021-இல் கொரோனா காலத்தில் இதை நன்றாக உணர்ந்தோம். பிணம் வீட்டுக்கே வரவில்லை. வாய்க்கரிசி இல்லை, நீர்மாலை இல்லை. சடங்கு குறைந்ததற்காக எந்த ஆவியும் வந்து யாரையும் பிடிக்கவில்லை. ஆனால், கடைசியாக ஒருமுறை முகம் பார்த்து அழ முடியவில்லையே என்ற ஏக்கம் இன்னும் பல வீடுகளில் தீரவில்லை. சடங்கு யாருக்காக என்பது இதிலிருந்து தெரிகிறது. அது இருப்பவர்களுக்காக. அப்படியானால், இருப்பவர்களை வதைக்கும் சடங்கு சடங்கே அல்ல.

அப்படி வதைப்பதில் ஒன்றைச் சொல்கிறேன். அதுதான் அடைப்பு.

அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி ஆகிய ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் ஆறு மாதம் அடைப்பு. ரோகிணிக்கு நான்கு மாதம். கார்த்திகைக்கும் உத்திரத்துக்கும் மூன்று மாதம். இன்னும் சிலவற்றுக்கு இரண்டு மாதம். இப்படி மொத்தம் 13 நட்சத்திரங்களைச் சொல்வார்கள். இறந்தவர் இருந்த அறையைப் பூட்டிவிட வேண்டும், அல்லது வீட்டையே விட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தடுத்துச் சாவு விழும் என்பது நம்பிக்கை. சனிக்கிழமை இறந்தால் இன்னொரு பயம்: 'சனிப்பிணம் தனிப்போகாது' என்று பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நட்சத்திரங்கள் 27, அவற்றில் 13-க்கு அடைப்பு. அப்படியானால் நூறு சாவில் 48 சாவு அடைப்பு நட்சத்திரத்தில் விழும். மீதி 52-இல் ஏழில் ஒரு பங்கு, அதாவது ஏழு சாவு, சனிக்கிழமையில் விழும். ஆக, நூற்றுக்கு 55 சாவு 'கெட்ட சாவு'! பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அடுத்தடுத்துச் சாவு விழுந்திருந்தால், நம் தோட்டங்களில் ஆளே மிஞ்சியிருக்க முடியாது. நாமோ பிள்ளை குட்டிகளோடு இருக்கிறோம்.

கணக்கு கிடக்கட்டும். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

1974-ஆம் ஆண்டு. நான் சிறுபிள்ளை. எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஓர் அக்காள் இருந்தார். கணவரும் மனைவியும் பால் மரம் வெட்டினார்கள், மூன்று பிள்ளைகள். கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். பஞ்சாங்கம் பார்த்தவர், "சதயம், ஆறு மாதம் அடைக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். லயத்து வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முன்னால் ஒரு கூடம், ஓர் அறை, பின்னால் அடுப்படி. கூடத்தின் கூரை ஒழுகும். மழைக்கு நனையாத இடம் அந்த ஓர் அறைதான். அதைப் பூட்டிவிட்டார்கள்.

அது அடைமழைக் காலம். அக்காளும் பிள்ளைகளும் கூடத்து மூலையில் சாக்கை விரித்துப் படுத்தார்கள். ஒரு மாதம் ஆகவில்லை, கடைசிப் பெண் குழந்தைக்கு இருமல். தோட்டத்து டிரெசர் பார்த்துவிட்டு, "நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஈரத்தில் போடாதே" என்றார். லயத்துப் பெண்கள் சிலர் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பார்த்தாயா, அடைப்பு வேலையைக் காட்டுகிறது!" என்றார்கள்.

என் அப்பாயி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுத்தறியாதவர். பேய்க் கதைகளை எங்களுக்கு ஆயிரம் சொன்னவரும் அவர்தான். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நேரே கடைசி வீட்டுக்குப் போனார். சாவியை வாங்கினார். அறையைத் திறந்து கூட்டினார், மெழுகினார், ஒரு விளக்கை ஏற்றிவைத்தார், பாயை விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்தார். வாசலில் கூடி நின்றவர்களைப் பார்த்து அவர் சொன்னது இன்றும் என் காதில் நிற்கிறது: "உயிரோட இருந்தப்ப அந்தப் பய தன் புள்ளைங்கள ஒரு தூத்தல்ல நனைய விட்டதில்ல. செத்த பொறவா விடுவான்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்த வீட்டில் அடுத்த சாவு எதுவும் விழவில்லை.

அந்த அக்காளின் கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சேமநிதிப் பணம் வந்தது. வந்தது கணவரின் அண்ணன் பெயருக்கு! திருமணத்துக்கு முன்பு வேலைக்குச் சேர்ந்தபோது, 'உனக்குப் பின் யாருக்கு' என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுதியிருந்தார். பிறகு மனைவி வந்தாள், மூன்று பிள்ளைகள் வந்தார்கள். அந்தப் பெயர் மட்டும் மாறவில்லை. ஒருமுறை அக்காள் கேட்டிருக்கிறார். "ஏன், நான் எப்போ சாவேன்னு பார்க்கிறியா?" என்று அவர் சிரித்திருக்கிறார். மாமியார், "வாயைக் கழுவு" என்று அதட்டியிருக்கிறார். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. அண்ணன் கெட்டவர் அல்லர். ஆனால் அவருக்கும் ஐந்து பிள்ளைகள். ஒரு பகுதியைக் கொண்டுவந்து கொடுத்தார். மூத்த பையன் படிப்பை நிறுத்திவிட்டு மரம் வெட்டப் போனான்.

ஆந்தைக்குப் பயந்தார்கள், நட்சத்திரத்துக்குப் பயந்தார்கள், சாவு என்ற சொல்லுக்கே பயந்தார்கள். பயப்பட வேண்டிய அந்த ஒரு தாளை மட்டும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

ஆண்டுகள் கழிந்தன. அன்று இருமிக்கொண்டு கிடந்த பெண் குழந்தைக்குத் திருமணம். பந்தலில் கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் அட்சதை போட்டோம். பெற்ற தாய் எங்கே? பின்புறம் சமையல் கொட்டகையில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாலி அறுத்தவள் முன்னால் வரக்கூடாதாம்! அவரைப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவராகவே ஒதுங்கிப் போய்விட்டார். அப்பாயி அப்போது இல்லை. நான் இருந்தேன். நாலு எழுத்துப் படித்தவள். எழுந்து போய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கலாம். நான்கு பேர் என்ன சொல்வார்களோ என்று உட்கார்ந்திருந்தேன். இன்றும் அது என்னை உறுத்துகிறது. மூடநம்பிக்கை என்பது பாட்டிமார்களிடம் மட்டும் இருப்பதில்லை, வாசகர்களே. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படித்தவர்களிடமும் இருக்கிறது.

அதனால்தான் உங்களிடம் உரிமையோடு மூன்று காரியங்கள் கேட்கிறேன்.

முதலாவது, சேமநிதியில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். இஸ்லாமியர் அல்லாத உறுப்பினருக்கு, யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறதோ பணம் அவருக்கே போய்ச் சேரும். மனைவியோ பிள்ளையோ என்பதைப் பார்க்க மாட்டார்கள். பெயரே எழுதாமல் விட்டால் பணம் கிடைக்காமல் போகாது. ஆனால் தொகை பெரிதாக இருந்தால் சட்டப் பத்திரம் கேட்பார்கள், அலைச்சல் மிகுதி. அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு சேமநிதி அலுவலகத்துக்குப் போனால் பெயரைப் பதியலாம், மாற்றலாம். சொக்சோவில் சந்தா கட்டியவர் இறந்தால், தகுதி இருக்குமானால், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதப் பணம் உண்டு. வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. இதையெல்லாம் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். பேசுவதால் யாரும் செத்துவிட மாட்டார்கள். பேசாமல் விட்டதால் நடுத்தெருவில் நின்றவர்கள் உண்டு.

இரண்டாவது, உங்கள் பக்கத்தில் எங்கேனும் அடைப்பு என்று சொல்லி ஒரு குடும்பம் வெளியே கிடந்தால், அப்பாயி செய்ததைச் செய்யுங்கள். சண்டை வேண்டாம். ஒரு விளக்குமாறு போதும், ஒரு விளக்குப் போதும். பெரியவர்களின் மனம் நோகாமல் விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிடுங்கள்.

மூன்றாவது, உங்கள் வீட்டுத் திருமணத்தில், மஞ்சள் நீராட்டில், கணவனை இழந்த தாயோ அத்தையோ சின்னம்மாவோ இருந்தால் முதல் அட்சதையை அவர் கையால் போடச் சொல்லுங்கள். பட்டினி கிடந்து பிள்ளையை வளர்த்த கையைவிட மங்கலமான கை வேறு எது?

இன்றிரவு உங்கள் வீட்டுப் பக்கம் ஆந்தை அலறினால் பயந்துவிடாதீர்கள். 'எலி பிடிக்க வந்திருக்கிறது' என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தூக்கம் கலைந்துவிட்டால் எழுந்து, பெட்டியைத் திறந்து, அந்தச் சேமநிதித் தாளைத் தேடி எடுத்து வையுங்கள்.